சொந்த ஊர் மலையில் நடக்க எதற்கு முன்பதிவு?

நாகமலைக்காரன்:
போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு சிறுமலை அடிவாரத்தில் ஒரு பாதைக்குப் போனேன். பத்தாவது படிக்கும்போது சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு ஏறிய அதே பாதை. இப்போது ஒருவர் மறித்து, "முன்பதிவு இருக்கா?" என்றார். இல்லை என்றேன். திரும்பி வந்து ரோட்டோரம் ஆளுக்கு ரெண்டு பருத்திப்பால் குடித்ததுதான் எங்கள் மலையேற்றம்.

2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு, கட்டணம், கூடவே ஒரு வழிகாட்டி. சரி, வெளியூர்க்காரருக்கு வசதிதான். ஆனால் விறகுக்கும் நாவல் பழத்துக்கும் காலகாலமாக ஏறி இறங்கிய சனத்தை இனிமேல் செல்போனில் பணம் கட்டிவிட்டு வா என்றால் எப்படி? நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு காலை நடைக்கு ஆகிற செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போடி மெட்டு:
2018 மார்ச் 11. மறந்துபோச்சா அண்ணே?

நாகமலைக்காரன்:
இதைச் சொல்வீர்கள் என்று தெரியும். குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 23 பேர் உயிர் போனது, யாரும் மறக்கவில்லை. அதற்காக மதுரையைச் சுற்றி உள்ள ஒவ்வொரு கரட்டுக்கும் பூட்டுப் போடுவதா?

கீழக்குயில்குடி சமணர்மலைக்கு வாங்க. கீழே தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். பாறையில் வெட்டிய படியில் கம்பியைப் பிடித்து ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருப்பார்கள், அடியில் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து. இன்னும் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு மேலாக ஆள் நடமாடுகிற மலை. வழிகாட்டி இல்லாமல் எத்தனையோ பேர் போய் வருகிறார்கள். அங்கே உள்ள ஒரே ஆபத்து, ஒன்பதரைக்கு மேல் செருப்பைத் தாண்டிச் சுடுகிற பாறைதான். ஆறு மணிக்கு ஏறி எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

போடி மெட்டு:
கரடு வேறு, காடு வேறு. ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்துச் சரிவுகளில் புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். சமதரையில் பிடிக்கிற தீ மாதிரி இல்லை சரிவில் பிடிக்கிற தீ. சுவாலை மேல்நோக்கிச் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். அதனால் ஏற்றத்தில் தீயின் வேகம் கூடும், மனுசன் வேகம் குறையும். பயத்தில் மேலே ஓடுகிறவன் மாட்டிக்கொள்வான். வெறும் பாறைக்கோ, எரிந்து கருத்துப்போன இடத்துக்கோ ஒதுங்க வேண்டும். அன்றைக்குக் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்த வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று எப்படித் தெரியும்? 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை எல்லாப் பாதையையும் மூடினார்களே, காசு பறிக்கிறவன் சீசனில் கடையை மூடுவானா?

வைகைக்கரை:
நான் காசு கட்டிப் போனவன், அதனால் சொல்கிறேன். எங்களோடு வந்த வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், அந்த மலையடிவாரத்துப் பையன். நாங்கள் பேசிக்கொண்டே நடந்தோம். ஒரு திருப்பத்தில் சட்டென்று கையைப் பின்னால் நீட்டி நிறுத்தினான். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே காட்டினான்: சாணி, ஆவி பறக்கிறது. இருபது அடி தள்ளி மூங்கிலுக்குப் பின்னால் காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிறம், அதைத்தான் முதலில் பார்த்தேன். பத்து நிமிசம் மூச்சு விடாமல் நின்றோம். அவன் இல்லாவிட்டால் நான் செல்பி எடுக்கப் போயிருப்பேன், சத்தியமாக.

கட்டணம் அதிகம்தான். அதில் நாகமலை அண்ணன் பக்கம்.

நாகமலைக்காரன்:
சதுரகிரிக்கு ஆடி அமாவாசையன்று எத்தனை ஆயிரம் பேர் ஏறுகிறார்கள்? ஆளுக்கொரு வழிகாட்டியா போகிறான்?

போடி மெட்டு:
2015 மே மாதம் அதே சதுரகிரியில் காட்டாறு அடித்துப் பக்தர்கள் செத்தார்களே. மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஓடையில் தண்ணீர் வந்துவிடும். உங்கள் உதாரணம் எனக்குத்தான் உதவுகிறது.

அரிட்டாபட்டி மருமகள்:
தம்பிகளா, ரெண்டு பேரும் நடக்கிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள். மலையில் குடியிருக்கிறதை யார் கேட்டீர்கள்?

எங்கள் ஊரும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. 193 ஹெக்டேர், ஏழு குன்று, 250 வகைப் பறவை. அதற்கப்புறம்தான் கூட்டம். தை, மாசியில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் பாறை இடுக்கில் குஞ்சோடு இருக்கும். அந்த நேரத்தில் கீழே நின்று ட்ரோன் விடுகிறார்கள். தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பி வட்டமடிக்கிறது, 'சூப்பர் ஷாட்' என்கிறான். அது பதறுகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. இன்னொரு கூட்டம் புளூடூத் ஸ்பீக்கரோடு வந்து குடைவரைக் கோயில் வாசலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு பொட்டலத்தை அங்கேயே போட்டுப் போனது. நாங்கள்தான் பொறுக்கினோம்.

டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று ஊர் ஊராக நடந்து, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்த சனம் நாங்கள். சுரங்கத்துக்குக் கொடுக்காத மலையை ஸ்பீக்கருக்குக் கொடுப்போமா? எனக்குக் கட்டணமும் வேண்டாம், வேலியும் வேண்டாம். ஊரில் ஒரு ஆளிடம் சொல்லிவிட்டு வரட்டும்.

நாகமலைக்காரன்:
அக்கா, ட்ரோன் விசயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஊர் ஆளிடம் சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு தொகை கையில் கொடுத்துவிட்டுப் போவது எனக்குச் சம்மதம். முன்பு அப்படித்தான் இருந்தது, ஆடு மேய்க்கிற தாத்தாதான் வழி சொல்வார். செல்போனில் இடம் பிடிக்கச் சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காவது இலவசமாக விட வேண்டும்.

போடி மெட்டு:
பிள்ளைகளுக்கு இலவசம், சரி. ஆனால் எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஒரு நோட்டில் பேர் இருந்தே ஆக வேண்டும். குரங்கணித் தீ அன்றைக்குப் பேர் தேடி ஆஸ்பத்திரி வாசலில் நின்ற சனத்தை நான் பார்த்தேன்.

நாகமலைக்காரன்:
நோட்டில் எழுதுகிறேன் தம்பி. காசு பற்றிய சண்டை அப்படியேதான் இருக்கிறது.

அக்கா, வருகிற ஞாயிறு மகளோடு வரலாமா? பறவை வரைகிறவள்.

அரிட்டாபட்டி மருமகள்:
வாங்க தம்பி. ஏழு மணிக்குள் ஆனைகொண்டான் கண்மாய்க் கரைக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் பறவை மேலே போய்விடும். சிவப்புச் சட்டை வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.