கோலாலம்பூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: ஊர் கிரைண்டர், கெய்சர், இங்குள்ள பிளக் பாயிண்ட்

தமிழ்நாட்டு ஊரிலிருந்து கிரைண்டரும் கெய்சரும் கொண்டுவந்திருப்பவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் தேடி அலைய வேண்டாம். இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். கவனிக்க வேண்டியது, கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் எர்த் இணைப்பை.

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டில் ஊர் கிரைண்டரை ஓர் அடாப்டரில் செருகித்தான் ஓட்டினோம். மாவு வழிக்கும்போது ஈரக்கையில் சுருக்கென்று தட்டுகிறது என்று மனைவி சொன்ன பிறகே அதைத் திருப்பிப் பார்த்தேன். மேலிருந்த நீண்ட முள் வெறும் பிளாஸ்டிக். இந்நாட்டுச் சதுர முள் பிளக்கில் அந்த முள்தான் முதலில் நுழைந்து பாயிண்டின் உள்மறைப்பைத் திறக்கிறது, எர்த்தும் அதன் வழியாகவே செல்கிறது. எங்கள் அடாப்டரில் மறைப்பு திறந்தது. எர்த் சேரவே இல்லை.

ஆகவே சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) முத்திரையுள்ள 13 ஆம்பியர் பிளக்கை வாங்கி, ஊர்ப் பிளக்கை வெட்டிவிட்டு அதைப் பொருத்துங்கள். மூடியைக் கழற்றி, முட்கள் எதிர்ப்புறமும் எர்த் முனை மேலேயும் இருக்கும்படி பிடித்தால், ஃபியூஸ் உள்ள வலப்பக்கத்தில் பழுப்பு அல்லது சிவப்பு ஒயரும், இடப்பக்கத்தில் நீலம் அல்லது கறுப்பும், மேலே பச்சையும் வர வேண்டும். யாராவது ஒயரை இழுத்துவிட்டாலும் எர்த் கடைசியாகக் கழலும்படி பச்சை ஒயரைச் சற்று நீளமாக விடுங்கள். 700 வாட்டுக்கு உட்பட்ட கருவிக்கு 3 ஆம்பியர் ஃபியூஸே போதும்.

சுவருக்குள் இருக்கும் ஒயரிங்கில் மட்டும் நீங்களே கைவைக்காதீர்கள். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள தரைவீடுகளில் (அடுக்குமாடியல்லாத வீடுகளில்) சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் ஒயர்; கறுப்புதான் நியூட்ரல், அதாவது அது திரும்பிச் செல்லும் ஒயர். பிளக்கில் நீலத்தை நியூட்ரலாக இணைத்துப் பழகிய கை, சுவரிலும் அதையே நம்பினால் உயிருக்கே ஆபத்து.

கெய்சருக்குப் பிளக்கே வேண்டாம். 3000 வாட் கெய்சர் தனியாகவே 13 ஆம்பியர் இழுப்பதால், சாதாரணப் பிளக்கும் பாயிண்டும் சூடேறி உருகக்கூடும். டிபி பெட்டியிலிருந்து (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) அதற்கெனத் தனி ஒயரும், மிகை மின்னோட்டத்தில் இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி.யும், குளியலறைக்கு வெளியே ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்சும், 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி.யும் வைக்கச் சொல்லுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகு, எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை அழையுங்கள். வேலை முடிந்ததும் எர்த்தை அளந்து காட்டச் சொல்லி, ஆர்.சி.டி.யின் டெஸ்ட் பொத்தானை அவர் முன்னிலையிலேயே அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆகாவிட்டால் கெய்சரைப் பயன்படுத்தாதீர்கள்.