புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, எங்கிருந்து பார்ப்பது?

போன வாரம் முதல் முறையாக நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது வம்பு: கேம் ஆடும்போது என்றால்கூடப் பரவாயில்லை, சும்மா பிரவுசரில் நாலு டேப் திறந்திருக்கும்போதே திரை உறைந்து, ஸ்பீக்கரில் கொர்ரென்று ஒரு சத்தம், உடனே ரீஸ்டார்ட். விண்டோஸ் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பிழை மட்டும்தான் இருக்கிறது. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று அது சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது.

சூடு காரணமில்லை, பிராசசர் 70 டிகிரியைத் தாண்டவே இல்லை. ராம் டிடிஆர்5, 16 ஜிபி இரண்டு, எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டு 6000 வேகத்தில் ஓடியது. பிராசசர் பக்கமிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்தான் செருகியிருக்கிறேன், மூன்று முறை பார்த்துவிட்டேன். நேற்று எக்ஸ்எம்பியை அணைத்து 4800இல் விட்டேன், ஆறு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டும் பிழையில்லாமல் முடிந்தது, ஆனால் அதையும் எக்ஸ்எம்பி இல்லாமலே ஓட்டித் தொலைத்தேன், என் புத்தி! இன்றிரவு எக்ஸ்எம்பியோடு விடப்போகிறேன்.

மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டை முதலில் செய்யவா, ராமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவா? 650 வாட் பவர் சப்ளைமேலும் ஒரு கண் இருக்கிறது. இதில் அடிபட்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.