கல்லட்டி இறக்கத்துக்கு எந்த ஆட்டோமேட்டிக் கார்?
ஊட்டி, கூடலூர் நண்பர்களே, ஒரு உதவி. டிவி கார் நிகழ்ச்சிகளில் சன்ரூஃபைச் சுற்றிச் சுற்றிக் காட்டுறாங்க; இறக்கத்தில் என்ஜின் பிரேக்கிங் (கியரைக் குறைச்சு என்ஜின் இழுவையாலேயே வேகத்தை அடக்குறது) எப்படின்னு வாயே திறக்கிறதில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கையே நம்பினால் பேடு கருகும் வாடை வரும். 3.7% ஈரம் ஏறிய 'டாட் 4' ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை 230 டிகிரியிலிருந்து 155 வரை இறங்கலாம். கொதித்தால் ஆவி சேர்ந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானே மாற்றும் சாதாரண கியர்பாக்ஸ்) ஓட்டுறவங்க சொல்லுங்க: மேனுவல் மோடில் 2-வது கியர் நிற்குதா, ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) ஏறினதும் தானாக 3-க்குத் தாவுதா? சிவிடியில் (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) 'எல்' என்ற லோ நிலையைப் போட்டால் வண்டியைப் பிடிச்சு நிறுத்துற இழுவை இருக்கா? மாடல், வருஷம், ஏறியிருந்த ஆட்கள் எத்தனைன்னும் போடுங்க. வெறும் 'சூப்பர் வண்டி' வேண்டாம்.