பார்ட்டியில் குடி: மகனிடமும் அந்த வீட்டாரிடமும் எப்படிப் பேசுவது?
மகனுக்கு 16 வயது. சனிக்கிழமை நண்பன் வீட்டில் பார்ட்டி, அந்த வீட்டுப் பெரியவர்களே "எங்க கண் முன்னாடி கொஞ்சம் பீர் குடிச்சா என்ன" என்கிறார்கள், மூளை வளர்ச்சி 25 வயது வாக்கில்தான் முடிகிறது என்பதால் எனக்கு அது சுத்தமாகச் சரியாகப் படவில்லை. தடுத்தால் அடுத்த முறை சொல்லாமல் போவான். அதனால் ஓர் ஏற்பாடு: மெசேஜில் வெறும் ஒரு புள்ளி அனுப்பினால் போதும், எந்த நேரமானாலும் போய்க் கூட்டி வருவேன், கேள்வியெல்லாம் மறுநாள்தான். யாராவது அதிகமாகக் குடித்து, எழுப்பியும் எழவில்லை என்றால், தூங்கட்டும் என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், காபி போதையை இறக்காது. இப்படி ஏற்பாடு செய்தவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் நிஜமாகவே கூப்பிட்டார்களா? அப்புறம், அந்தப் பெற்றோரிடம் மனஸ்தாபம் வராமல் இதை எப்படிச் சொல்வது?