19 நாள் கடல்ல: ப்ளான் போட்டது ஒண்ணுக்கு, உடைஞ்சது வேற ஒண்ணு. உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

சின்ன பாய்மரப் படகுல நீண்ட தூரம் போனவங்க, போகப் போறவங்க, பாதில திரும்பி வந்தவங்க எல்லாரும் இங்க எழுதுங்க. நான் ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

படகு 31 அடி. நானும் ஒரு நண்பரும், ரெண்டே பேர். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவுல மிண்டெலோவுலேர்ந்து அட்லாண்டிக்கைத் தாண்டி கரீபியன்ல பார்படோஸ், ரெண்டாயிரம் கடல்மைல் சொச்சம். 5 நாட் வேகம், அதாவது மணிக்கு 5 கடல்மைல்னு கணக்கு வச்சா ஒரு நாளைக்கு 120 மைல், 17 நாள்ல போயிடலாம். ஆனா சாப்பாடும் தண்ணியும் 26 நாளைக்கு ஏத்தினோம், ஏன்னா கணக்கு நம்மளோடது, காத்து நம்மளோடது இல்ல. கடைசில 19 நாள் ஆச்சு.

ப்ளானிங்னு எட்டு மாசம் உட்கார்ந்தோம், அதுல ஆறு மாசம் புயலைப் பத்தியே பேசினோம்னு சொன்னா நம்புவீங்களா. அட்லாண்டிக் ஹரிக்கேன் சீசன் ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால டிசம்பர் பாதிலதான் கிளம்பறதுன்னு முதல் நாளே முடிவு பண்ணியாச்சு, அதுக்கப்புறமும் ட்ரோக் (புயல்ல படகு வேகத்தைக் குறைக்கப் பின்னாடி கட்டி இழுக்கறது) வாங்கினோம், புயல் பாய் வாங்கினோம், ட்ரோக்கை எப்படிப் பின்னாடி விடறதுன்னு வீட்டு மொட்டை மாடில கயிறு போட்டு ஒத்திகை வேற பார்த்தோம். 19 நாள்ல அந்த ட்ரோக் பையோட ஜிப்பைக் கூடத் திறக்கல.

அப்ப என்னதான் ஆச்சுன்னு கேட்டா, முதல்ல தண்ணி.

நாலாவது நாள் காலைல டீ போட்டு ஒரு வாய் குடிச்சுட்டு நண்பர் முகத்தைச் சுளிச்சாரு. சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேன்னு நெனச்சேன். இல்ல, டேங்க் தண்ணியே கரிச்சது. டெக்குல தண்ணி ஊத்தற மூடி இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கிற ரப்பர் வளையம் வெடிச்சுப்போய்க் கிடந்திருக்கு, அலை டெக்கு மேல ஏறி ஏறி ஓடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கியிருக்கு. 90 லிட்டர் போச்சு. கைல நாலணா பெறாத ஒரு ரப்பர் வளையம், எங்க லிஸ்ட்ல அது எந்த இடத்துலயும் இல்ல.

நல்லவேளை, நண்பர் புடிவாதம் புடிச்சு 20 லிட்டர் கேன் அஞ்சு தனியா வாங்கி வச்சிருந்தாரு. நான் அப்ப வெயிட் ஜாஸ்தி ஆகும், படகு உட்கார்ந்துரும்னு சண்டை போட்டேன், அதை இங்க ஒத்துக்கறேன். 100 லிட்டர், ரெண்டு பேர், இன்னும் 15 நாள்னு வச்சா ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் கொஞ்சம் மேல. குடிக்க, சமைக்க மட்டும் கேன் தண்ணி, பாத்திரம் கழுவ, குளிக்க எல்லாம் கடல் தண்ணி. கேன் மேல மார்க்கர்ல கோடு போட்டு தினம் ராத்திரி எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்ப்போம், வட்டிக்கடைக்காரன் மாதிரி.

ரெண்டாவது, உராய்வு. இதைத்தான் முக்கியமா எழுதணும்னு வந்தேன்.

காத்து பின்னாலேர்ந்து, ராத்திரி பகல் ஒரே மாதிரி, படகு இடமும் வலமும் ஆடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு கயிறும் ஏதோ ஒண்ணு மேல ஒரு தடவை தேயும். அஞ்சு செகண்டுக்கு ஒரு ஆட்டம்னு வச்சாலே ஒரு நாளைக்கு பதினேழாயிரம் தடவை. வாரக் கடைசில ரெண்டு மணி நேரம் பாய் விரிச்சுட்டு வர்றவங்களுக்கு இது பத்து வருஷம் ஆனாலும் கண்ணுல படாது.

எங்களுக்கு சுக்கான் பிடிச்சது விண்ட்வேன்தான், கரண்ட் வேண்டாம், காத்தை வச்சே படகைத் திசை மாறாம ஓட்டிக்கும், மூணாவது ஆள்னே சொல்லலாம். அதுலேர்ந்து டில்லருக்கு, அதாவது சுக்கானைத் திருப்பற கைப்பிடிக்கு, வர்ற கயிறு ஒரு சின்ன புல்லி வழியாப் போகுது. ஒன்பதாவது நாள் ராத்திரி மூணு மணி, நான் வாட்ச்ல இருக்கேன், 'டொப்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். படகு காத்துப் பக்கம் திரும்பிருச்சு, கம்பு கட்டி விரிச்சிருந்த முன் பாய் மறுபக்கம் காத்து புடிச்சு பட்டாசு வெடிக்கிற மாதிரி அடிக்க ஆரம்பிச்சுது, உள்ள சாமான் எல்லாம் ஒரு பக்கமா உருண்டுச்சு, தூங்கிட்டிருந்த நண்பர் பங்க்லேர்ந்து தரைக்கு வந்துட்டாரு. டில்லரைக் கையால பிடிச்சு ஒரு வழியா நேர் பண்ணி, விடியற வரைக்கும் மாத்தி மாத்தி ஓட்டினோம்.

விடிஞ்சதும் பார்த்தா கயிறு முனை பெயிண்ட் பிரஷ் மாதிரி பிரிஞ்சு கிடக்கு. அதை விடக் கேவலம், மாத்திக் கட்ட 6 மில்லி கயிறு ஒரு முழம் கூட எக்ஸ்ட்ரா இல்ல. நங்கூரத்துக்கு நாப்பது மீட்டர் கயிறு ஸ்பேர் இருக்கு, யானை கட்டலாம், ஆனா அந்த புல்லில நுழையாது. கடைசில மெயின் பாயைத் தாங்கற லேஸி ஜாக் கயிறை அவுத்துக் கட்டி மிச்சப் பயணத்தை ஓட்டினோம்.

அதுக்கப்புறம் தினம் காலைல டீக்கு முன்னாடி டெக்கை ஒரு சுத்து, எல்லாக் கயிறையும் கைல உருவிப் பார்க்கறது. அப்படியே ஒவ்வொண்ணையும் நாலு விரக்கடை இழுத்தோ விட்டோ வைப்பேன், தேயற இடம் தினம் மாறிக்கிட்டே இருக்கும். ஒரு நிமிஷ வேலை.

பருவநிலை பத்தி ஒரு வார்த்தை. எல்லாரும் வெதர் விண்டோ, வெதர் விண்டோம்பாங்க, அதாவது கிளம்பறதுக்கு ஏத்த நல்ல வானிலை இடைவெளி. அஞ்சு நாளைக்கு மேல எந்த ஃபோர்காஸ்ட்டையும் நான் நம்பறதில்ல. அதனால நாம தேர்ந்தெடுக்கறது முதல் அஞ்சு நாளைத்தான், மிச்சத்தை சீசன்தான் பார்த்துக்கணும். ஃபோர்காஸ்ட் வர்ற க்ரிப் ஃபைல்ல காத்து 18 நாட்னு போட்டிருந்தா ஸ்குவால்ல (திடீர்னு அடிக்கிற பலத்த காத்துல) 30 வரும், பொழுது சாயும்போதே ரீஃப் போட்டுட்டு, அதாவது பாயைச் சுருக்கிக் கட்டிட்டுத் தூங்கப் போங்க.

—

பதில்

அண்ணே, உராய்வு மேட்டர் சத்தியமான உண்மை. என்னோடது கப்பல் கதை.

நான் தனியாப் போற ஆள். தனியாப் போனா தூக்கம்தான் பெரிய பிரச்சினை. பெரிய கப்பலோட மாஸ்ட் (கம்பம்) லைட் ஆறு மைல்லேர்ந்து தெரியணும்னு ரூல். அவன் 20 நாட்ல நேரா வர்றான், நான் 5ல போறேன், ரெண்டும் சேர்ந்து 25, அப்ப லைட்டைப் பார்த்ததுலேர்ந்து முட்டற வரைக்கும் 14 நிமிஷம் சொச்சம்தான். அதனால கிச்சன் டைமரை 12 நிமிஷத்துக்கு வச்சு கழுத்துல கட்டிக்குவேன். அடிச்சா எந்திரிச்சு ஒரு சுத்து பார்த்துட்டு மறுபடி படுக்கறது. இதைத் தூக்கம்னு சொன்னா தூக்கத்துக்கே அவமானம்.

ஒரு ராத்திரி ஏஐஎஸ்ல (பக்கத்துக் கப்பலோட பேரும் இடமும் ஸ்க்ரீன்ல காட்டற கருவி) ஒருத்தன் வர்றான், மிக நெருங்கற தூரம் 0.1 மைல்னு காட்டுது, அதாவது மேலயே ஏறப் போறான். விஎச்எஃப் ரேடியோ 16வது சேனல்ல "என் முன்னாடி இருக்கிற கப்பல்"னு கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தமே இல்ல. அப்புறம் ஸ்க்ரீன்ல இருந்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், உடனே பதில் வந்துச்சு. தூக்கம் கலைஞ்ச குரல்தான். "எங்க இருக்கீங்க, தெரியலயே"ன்னாரு. எனக்கு ரிசீவர் மட்டும்தான், அவர் ஸ்க்ரீன்ல நான் இல்லவே இல்ல. பொசிஷன் சொன்னதும் வலது பக்கம் 10 டிகிரி திருப்பினாரு. பக்கத்துல தாண்டிப் போகும்போது அந்த இன்ஜின் அதிர்வு படகுத் தரை வழியா பாதத்துல தெரிஞ்சுது. கரை சேர்ந்ததும் முதல் செலவு சிக்னல் அனுப்பற ஏஐஎஸ்தான்.

—

பதில்

நான் 'பாதில திரும்பினவன்' கோட்டா.

கேனரி தீவுலேர்ந்து நவம்பர் மாசமே கிளம்பினோம், காரணம் காத்து இல்ல, கூட வந்த ரெண்டு பேர் திரும்பிப் போக ஃப்ளைட் டிக்கெட் போட்டுட்டாங்க. அங்க தீவுகளுக்கு நடுவுல காத்து இறுக்கிக்கிட்டு வேகமாகும், வெளிய 15 நாட்னா இடுக்குல 30. சார்ட்லயே எழுதியிருக்கு, படிச்சும் இருந்தோம். ஆனா தேதியாச்சே! முதல் ராத்திரியே நாலு பேர்ல மூணு பேர் வாந்தி, மாத்திரையை கிளம்பறதுக்கு முன்னாடி போடணும், நாங்க ஆரம்பிச்சதுக்கப்புறம் போட்டோம், போட்ட மாத்திரையும் வெளிய வந்துருச்சு. காலைல திரும்பிட்டோம். மூணு வாரம் கழிச்சு நாங்க ரெண்டு பேர் மட்டும் நிதானமாப் போனோம், ஒரு குறையும் இல்ல. இப்பல்லாம் கூட வர்றவங்ககிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்பேன், இடத்தைச் சொல்லு, இல்ல தேதியைச் சொல்லு, ரெண்டும் சேர்த்து என்னால தர முடியாது.

அப்புறம் ஈபெர்ப் (சாட்டிலைட் வழியா ஆபத்து சிக்னல் அனுப்பற கருவி) இருக்கு, பட்டனை அமுக்கினா ஹெலிகாப்டர் வந்துரும்னு நெனக்கிறவங்களுக்கு: நடுக்கடல் வரைக்கும் ஹெலிகாப்டர் எட்டாது, பக்கத்துல எந்தக் கப்பல் இருக்கோ அதுதான் வரணும். 2018 செப்டம்பர்ல நம்ம நாட்டுப் பாய்மரப் படகோட்டி அபிலாஷ் டோமி, தனியாளா உலகத்தைச் சுத்தற கோல்டன் குளோப் ரேஸ்ல தெற்கு இந்தியப் பெருங்கடல்ல மாஸ்ட் ஒடிஞ்சு, முதுகுல அடிபட்டு நாள்கணக்கா பங்க்ல அசைய முடியாமக் கிடந்தாரு, ஓசிரிஸ்னு ஒரு ஃப்ரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல்தான் போய்த் தூக்குச்சு. அதே மனுஷன் அடுத்த ரேஸ்ல போய் ரெண்டாவதா வந்தாருங்கறது தனிக் கதை.

—

பதில்

சூப்பர் பதிவு. அடுத்த வருஷம் ப்ளான் பண்றேன், ஒரே ஒரு டவுட். ஃப்ரிட்ஜ் இல்லாம முட்டை எத்தனை நாள் தாங்குச்சு? எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

—

பதிவு போட்டவர்

கழுவாத, ஃப்ரிட்ஜையே பார்க்காத முட்டையா வாங்கு தம்பி. ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்ததுன்னா சீக்கிரம் போயிரும். அட்டைப் பெட்டியோட ஏத்தாதே, கரப்பான் முட்டையும் சேர்ந்து வரும், பிளாஸ்டிக் ட்ரேல மாத்திக்கோ. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ட்ரேயைத் தலைகீழாத் திருப்பி வை. எங்களுக்கு 16 நாள் ஒரு பழுதும் இல்ல. 17வது நாள் ஆம்லெட்டுக்கு நேரா சட்டிலயே ஒண்ணை உடைச்சேன். காத்து பின்னாலேர்ந்து கேபினுக்குள்ள வீசிக்கிட்டிருக்கு, சட்டியோட டெக்குக்கு ஓடினேன், நாத்தமும் கூடவே ஓடி வந்துச்சு. சட்டியைக் கடல்ல கழுவறேன்னு கையை விட்டுட்டேன், சட்டியும் போச்சு. முதல்ல தனியா கப்புல உடைச்சுப் பாரு.