தலைக்கு எத்தனை யூனிட் இருந்தால் நல்லா வாழலாம்?

மலைச்சாரல்:
கரண்ட் செலவு கூடினால் வாழ்க்கைத் தரம் கூடும் என்பவர்கள் குஜராத்தையும் கேரளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குஜராத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல். கேரளத்தில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் பிறப்பு இறப்பைக் கணக்கிடும் இந்திய அரசின் 2014-18 மாதிரிப் பதிவுக் கணக்கில் சராசரி ஆயுள் கேரளத்தில் 75.3, குஜராத்தில் 69.9.

தறிக்காரன்:
குஜராத் கணக்கில் இருப்பது வீட்டு ஃபேன் மட்டுமா? சூரத் தறி, ரசாயன ஆலை எல்லாம் சேர்த்துத்தான். அங்கே நெய்த துணியைக் கேரளாக்காரரும் உடுத்துகிறார். அவர் சாப்பிடும் அரிசி ஆந்திராவில் விளைந்தது, காய்கறி நம்ம ஒட்டன்சத்திரத்தில் லாரி ஏறியது. அந்த வயல்களுக்குத் தண்ணீர் இறைத்த மோட்டார் ஓடிய கரண்ட் யார் கணக்கில் போகிறது? வாங்கக் கையில் இருக்கும் காசும் வளைகுடா எண்ணெய்க் காசு.

மலைச்சாரல்:
வளைகுடாப் பணம் பெரிதாக வந்தது 1970களின் நடுவுக்குப் பிறகு. 1970-75 கணக்கிலேயே கேரளத்தின் ஆயுள் 62, இந்தியாவுக்கு 49.7. பெண்கள் படித்தார்கள், ஆரம்ப சுகாதார நிலையம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. இதற்கு எத்தனை மெகாவாட் வேண்டும் சொல்லுங்கள்?

வடலி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இலங்கையில் தலைக்கு மின்சாரம் இந்தியாவைவிடக் குறைவு, ஆயுள் கூட. மலைச்சாரல் சொல்வதற்கு நாங்களே சாட்சி. ஆனால் 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு, பெட்ரோலுக்கு விடிய விடிய வரிசை. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, அவ்வளவுதான். குறைவாக வாழ்வதைப் புகழ்வதென்றால் அதையும் கணக்கில் எடுங்கோ.

தறிக்காரன்:
அதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்து ஆய்வாளர் பாஸ்டர்நாக் 2000இல் பல நாடுகளை ஒப்பிட்டு, தலைக்குச் சுமார் 4,000 யூனிட் வரை ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீடு ஏறுகிறது, அதற்கு மேல் பெரிதாக நகரவில்லை என்று காட்டினார். 2023-24இல் இந்தியாவில் நாம் தலைக்கு 1,395 யூனிட்தான். மேலே போனவர்கள் குறைக்கட்டும், நாம் ஏறியாக வேண்டும்.

மலைச்சாரல்:
கோஸ்டாரிகா அந்த 4,000இல் ஏறக்குறைய பாதியில் நிற்கிறது. அமெரிக்கா 12,000 தாண்டியது. ஆயுளில் யார் முன்னால் என்று தேடிப் பாருங்கள், அமெரிக்கா இல்லை.

அடுப்படி:
ரெண்டு பேருமே கரண்டை விட்டு வர மாட்டீர்களா? விறகடுப்பில் எரிவதில் பெரும்பங்கு வீணாகப் போகிறது. கேஸுக்கு மாறினால் நாட்டின் மொத்த எரிசக்திச் செலவு குறையும், புகையில் சாகிறவர்களும் குறைவார்கள். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. செலவு குறைந்து வாழ்க்கை உயர்கிற இந்த விஷயம் உங்கள் தலைக்கணக்கில் எங்கே தெரியும்?

தறிக்காரன்:
அந்த கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி, அம்மா. கப்பல் நின்றால் வடலி சொன்ன வரிசைதான். அதற்கு உங்கள் பதில் என்ன?