அமெரிக்க வீட்டுச் சாதனங்களா, ஐரோப்பியச் சாதனங்களா: வடசென்னை வீட்டுக்கு எவை ஒத்துவரும்?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலும், இளைய மகன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலும் இருக்கிறார்கள். இருவருமே ஊரோடு வந்துவிடுவது என்று முடிவெடுத்து, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டின் மேல்தளங்கள் இரண்டையும் தங்களுக்காகச் சீர்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். கப்பலில் எந்தெந்தச் சாமான்களை ஏற்றுவது என்பதுதான் இப்போது வீட்டில் ஓயாத பேச்சு.

இரண்டு வீடுகளிலும் நான் தங்கியிருக்கிறேன். மகள் வீட்டு பிரிட்ஜ் ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவோடு நிற்கும். கதவிலேயே தண்ணீரும் ஐஸ் கட்டியும் வரும். சிங்க்கின் அடியில் பொருத்திய சிறு மோட்டார் மிச்சம் மீதியை அரைத்துக் குழாயில் தள்ளிவிடும். துவைத்த துணி டிரையரில் முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். மகன் வீட்டிலோ பிரிட்ஜ் சிறியது, அதுவும் அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருக்கும். வாஷிங் மெஷின் ஒரு முறை ஓடி முடிக்க மூன்று மணி நேரம் வரை ஆகும். பிறகு துணியைக் கம்பி ஸ்டாண்டில்தான் காயப்போட வேண்டும். ஆனால் டீ போடத் தண்ணீர் வைத்தால் மகன் வீட்டுக் கெட்டில்தான் முதலில் கொதிக்கும்.

இந்த வேறுபாடுகளுக்கு என்ன காரணம் என்றும், நம் பகுதியின் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இவற்றில் எவை ஒத்துவரும் என்றும் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர், திருவொற்றியூர்

அம்மா, கெட்டிலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான காரணமும் அதில் இருக்கிறது. அமெரிக்க வீட்டில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு, அதாவது அலைவெண். ஐரோப்பாவில் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையம் தொடங்கியபோது 110 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தத்தில் விளக்குகள் எரிந்தன. அதைச் சுற்றி வளர்ந்த அமெரிக்க அமைப்பு அந்த அளவிலேயே நிலைத்துவிட்டது. ஐரோப்பிய நகரங்கள் பின்னர் கம்பிச் செலவைக் குறைப்பதற்காக 220 வோல்ட்டுக்கு மாறின. அமெரிக்காவில் சாதாரண பிளக் பாயிண்ட் 15 ஆம்பியர் என்பதால் கெட்டில் 1500 வாட்டோடு நின்றுவிடுகிறது. ஜெர்மானியக் கெட்டில் 2200 வாட் வரை எளிதாகப் போகும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க முன்னதற்கு மூன்றரை நிமிடமும் பின்னதற்கு இரண்டரை நிமிடத்துக்குள்ளும் ஆகும் என்பது கணக்கு.

அந்த டிரையரை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று மகளிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அமெரிக்க வீட்டுக்குள் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வருகின்றன. இரண்டுக்கும் இடையே 240 வோல்ட் கிடைக்கும். டிரையரின் சூடேற்றும் சுருள் இந்த 240 வோல்ட்டிலும், உருளையைச் சுழற்றும் மோட்டார் பெரும்பாலும் ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையிலுள்ள 120 வோல்ட்டிலும் ஓடுகின்றன. நம் வீட்டின் ஒரு பேஸும் ஒரு நியூட்ரலும் இந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாது. மேலும் அது 5 கிலோவாட்டை ஒட்டி இழுக்கும். சிங்கிள் பேஸ் இணைப்பில் ஏசியும் தண்ணீர் மோட்டாரும் ஓடும்போது அதையும் போட்டால் எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும்.

பிரிட்ஜும் மைக்ரோவேவும்கூட ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைக் குறைக்குமே தவிர 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றப்பட்ட மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடாகும். மின்சாரத்தின் அலைவெண்ணைக் கொண்டு நேரம் காட்டும் அமெரிக்கக் கடிகாரம் இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். லேப்டாப், செல்பேசி சார்ஜர்களில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அவற்றைப் பற்றிக் கவலை இல்லை.

பதில்: பெரம்பூர் இல்லத்தரசி

சகோதரி, சிகாகோவிலும் மியூனிக்கிலும் குடும்பம் நடத்திவிட்டுப் பெரம்பூருக்குத் திரும்பியவள் நான். மகன் வீட்டு மெஷின் மெதுவாக ஓடுவதைக் குறையாக எண்ண வேண்டாம். அமெரிக்க வாஷரில் வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் உண்டு. வெந்நீர் வீட்டுப் பொதுத் தொட்டியிலிருந்து வரும். ஐரோப்பிய மெஷின் பச்சைத் தண்ணீரை மட்டும் வாங்கித் தானே சூடாக்குகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் குறைந்த சூட்டில் நெடுநேரம் துணியைப் புரட்டுகிறது, தண்ணீரும் குறைவாகவே எடுக்கிறது. மெட்ரோ வாட்டர் லாரியை எதிர்பார்த்துக் குடம் வைத்த தெருக்களில் வளர்ந்த நமக்கு இது பெரிய வசதி என்றே நினைக்கிறேன்.

வீட்டைச் சீர்படுத்துவதாக எழுதியிருப்பதால் சாமான்களைவிட ஜன்னல்களைப் பற்றிச் சொல்லவே ஆசைப்படுகிறேன். அமெரிக்காவில் பத்தில் ஒன்பது வீடுகளில் ஏசி உண்டு. ஐரோப்பாவில் அது குறைவு. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது, ஆகவே ஏசி தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஜெர்மானிய வீடுகள் பலவற்றில் ஜன்னலுக்கு வெளிப்புறம் சுருட்டி இறக்கும் ஷட்டர் இருக்கும். கண்ணாடியில் படுவதற்கு முன்பே வெயிலை அது தடுத்துவிடுவதால் அறை சூடேறுவதில்லை; உள்ளே தொங்கும் திரைச்சீலையால் இது முடியாது. மேற்குப் பார்த்த அறை இருந்தால் அதைச் செய்யுங்கள். அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கொசுவலை. அங்கே ஜன்னல் என்றாலே சட்டத்தோடு வலையும் சேர்ந்தே வரும், ஜெர்மனியில் பெரும்பாலும் அதைத் தனியாகத்தான் பொருத்த வேண்டும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் வாழும் நமக்கு அந்த வலையைவிடப் பெரிய சுகம் வேறில்லை.

மிச்சம் மீதியை அரைக்கும் மோட்டாரை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் நம் தெருக் கழிவுநீர்க் குழாய்கள் படும் பாடு உங்களுக்கே தெரியும்.

பதில்: ராயபுரம், மூன்றாம் தளம்

அம்மா, ஜெர்மனியிலிருந்து வந்த வாஷிங் மெஷின் எங்கள் வீட்டில் ஓடுகிறது. மின்சாரத்தில் எந்தச் சிக்கலும் வரவில்லை. சிக்கல் தண்ணீரின் அழுத்தத்தில்தான் வந்தது. மெஷினின் பின்புறத் தகட்டில் குறைந்தது 0.5 பார் தேவை என்று எழுதியிருந்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ ஒரு பார். எங்கள் மேல்நிலைத் தொட்டியோ மெஷினுக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. குழாய்ப் படம் போட்ட விளக்கு மினுக்கி மினுக்கி மெஷின் நின்றுவிடும். சிறிய பிரஷர் பம்ப் ஒன்றை இடையில் பொருத்திய பிறகு சரியாகிவிட்டது. உங்கள் மகன் உச்சித் தளத்தில் குடியேறுவதானால் அதற்கும் ஒரு பிளக் பாயிண்டை இப்போதே ஒதுக்கிவையுங்கள். போர் தண்ணீரை மெஷினில் விட வேண்டாம். நம் பகுதியின் உப்புத் தண்ணீர் உள்ளிருக்கும் ஹீட்டரில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

டிரையரே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2011இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை, ராயபுரத்தில் மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி கரிப்பொடியோடுதான் கீழே வந்தது. எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இன்னும் தீரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாமல் வாடை அடிப்பது எல்லோர் வீட்டிலும் உண்டு. ஐரோப்பாவில் விற்கும் ஹீட் பம்ப் வகை டிரையர் சூடான காற்றை உள்ளேயே சுழலவிட்டு ஈரத்தைத் தண்ணீராகப் பிரித்தெடுப்பதால் சுவரில் துளையிட வேண்டியதில்லை, பழைய வகையைவிட மின்சாரமும் மிகக் குறைவு. மகன் ஒன்று வாங்கிக் கொண்டுவந்தால் இரு குடும்பத்துக்கும் பயன்படும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அமெரிக்க பிரிட்ஜையும் டிரையரையும் அங்கேயே விற்றுவிட மகள் சம்மதித்துவிட்டாள். மாவு பிசையும் இயந்திரத்தை மட்டும் விட மனமில்லை என்கிறாள். மகனின் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் நம் பாயிண்டில் அப்படியே செருகலாமா?

பதில்: ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர், திருவொற்றியூர்

மாவு இயந்திரத்தின் மோட்டார் நம் மிக்சியைப் போல கார்பன் பிரஷ் வைத்ததாக இருந்தால் அலைவெண் மாற்றம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. அதன் வாட் அளவைப் போல ஒன்றரை மடங்காவது திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதும்.

கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் அப்படியே செருக வேண்டாம், அம்மா. ஜெர்மானிய பிளக்கில் எர்த் இணைப்பு பக்கவாட்டுத் தகடுகளில் இருக்கிறது. நம் பாயிண்டில் அதன் இரண்டு முனைகளும் தளர்வாக உட்கார்ந்து பொருள் வேலை செய்யும், ஆனால் எர்த் சேராது. உலோக உடல் கொண்ட பொருளுக்கு அது உயிராபத்து. பிளக்கை வெட்டிவிட்டு 16 ஆம்பியர் மூன்று முனை பிளக் போடச் சொல்லுங்கள். பழுப்பு பேஸுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சை மஞ்சள் கோடிட்ட கம்பி எர்த்துக்கு. அமெரிக்க வயரில் கறுப்புதான் மின்சாரம் வரும் கம்பி, வெள்ளை நியூட்ரல். நம் எலக்ட்ரீஷியன்களுக்குக் கறுப்பு என்றால் நியூட்ரல் என்று கை பழகியிருக்கும். ஆகவே மகளுடைய எந்தப் பொருளின் வயரைத் தொட்டாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.